ஐந்தாம் கேள்வி

ஈச்சமேடு,
6 ஜூலை 2024

அன்புள்ள யஸ்வந்துக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ எடிட்டிங்கில் உட்கார்ந்துவிடுகிறாய். நான் பேசுவதை உன் ஆபீஸ் ஆட்கள்தான் கேட்கிறார்கள். அதனால் இனிமேல் காகிதம்தான். எங்கள் பள்ளி ஹரிபாபு சார் சனிக்கிழமைதோறும் திருப்பதிக்கு வீட்டுக்குப் போகிறார். அவர் பையில் போட்டு அனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடு.

உன் படம் வந்து சேர்ந்தது. உங்கள் டிரஸ்ட் ஆட்கள் வந்து ஒவ்வொரு வகுப்பின் டச் பேனல் திரையிலும் ஏற்றிவிட்டுப் போனார்கள். வாரா வாரம் சனிக்கிழமை போட்டுக்காட்டி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். முதல் தடவை ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டேன். வேதாச்சலம் வாத்தியார் நாற்பத்திரண்டில் நம் ஊரில் ஒளிந்திருந்தது, பிடிபட்டது, வேலூர் ஜெயிலில் செத்துப்போனது எல்லாம் நான் வருஷா வருஷம் தொண்டை வறளச் சொல்லும் பாடம். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நீ பன்னிரண்டு நிமிஷத்தில் அழவைத்துவிட்டாய். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், சொல்லிவிடுகிறேன்.

நாகபூஷணம் மாமா எண்ணெய் தேய்த்துத் தலைவாரிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். வருஷா வருஷம் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிற மனுஷன், திரையில் தன்னைப் பார்த்ததும் வெட்கப்படுகிறார். வெங்கடம்மா அத்தை ஒரு கூடை வேர்க்கடலை வேகவைத்து வகுப்புக்கு அனுப்பியிருந்தாள். காட்டிக்கொடுக்கிறவனாக மாமா பிரமாதமாகச் செய்திருக்கிறார்.

படத்தோடு ஒரு கேள்வித்தாளும் தந்தார்கள். ஐந்தாம் கேள்வி, ‘வேதாச்சலத்தை ஆங்கிலேயரிடம் காட்டிக்கொடுத்த துரோகி யார்?’ எல்லாப் பிள்ளைகளும் ‘நாகபூஷணம்’ என்று எழுதியிருக்கிறார்கள். படத்திலும் அதே பெயர்தானே வைத்திருக்கிறாய். மாமாவின் பெண் காவ்யா மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விதி விதிதான், ஒரு மார்க் குறைத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். நம் ஊரில் சொல்லும் கதையில் துரோகி என்று யாரும் கிடையாதே. ஊரே சேர்ந்து அவரை ஒளித்து வைத்தது, காய்ச்சல் முற்றியதும் தன்னால் ஊருக்கு ஆபத்து வேண்டாம் என்று அவரே ஏரிக்கரை மேல் நடந்துபோய் போலீஸ் முன்னால் நின்றார் என்றுதான் நைனா சொல்வார். உனக்கு எங்கிருந்து கிடைத்தான் இந்த ஆள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ரூபா

•

திருப்பதி,
14 ஜூலை 2024

அக்கா,

காகிதத்தில் எழுதி எத்தனை வருஷமாச்சு, கை வலிக்கிறது. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் குஷியாகிவிட்டது. வேர்க்கடலை எனக்கும் ஒரு கூடை அனுப்பியிருக்கலாம்.

செய்தி கேள். டிரஸ்ட் சேர்மனுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த வரிசையில் எடுத்த படங்களிலேயே நம் ஊர்ப் படம்தான் பெஸ்ட் என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஆகஸ்ட் பதினைந்து அன்று சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவிலும் அவர்கள் பேனல் கொடுத்த எல்லாப் பள்ளிகளிலும் ஓடப்போகிறது. ஈச்சமேடு என்று ஓர் ஊர் இருப்பது இப்போதாவது தெரியட்டும்.

துரோகி எங்கிருந்து கிடைத்தான் என்று கேட்கிறாய். என் மண்டையிலிருந்துதான். ஓர் ஆள் நடந்துபோய்த் தானாகச் சரணடைந்தார் என்றால் பிள்ளைகள் யார்மேல் கோபப்படுவார்கள்? கோபம் இல்லாமல் பன்னிரண்டு நிமிஷம் உட்கார மாட்டார்கள். கடைசியில் ‘விழிப்பாக இருப்பதே குடிமகனின் முதல் கடமை’ என்று போட வேண்டும் என்பது டிரஸ்டின் கண்டிஷன். விழித்துக்கொண்டிருக்க ஒரு திருடன் வேண்டாமா?

பெயரை நான் வைக்கவில்லை. ஸ்கிரிப்டில் ‘ரங்கப்பன்’ என்றுதான் இருந்தது. படத்தில் ஒரு பையன் துரோகியின் முகத்துக்கு நேராகக் கேட்கும் ஷாட் நினைவிருக்கிறதா? ‘ஊரை எவ்வளவுக்கு வித்தே?’ என்று. ஏழு டேக் ஆகியும் பொம்மை மாதிரி சொன்னான். எட்டாவதில் தன்னை மறந்து, ‘ஊரை எவ்வளவுக்கு வித்தே, நாகபூஷணம்?’ என்று கத்திவிட்டான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதை எப்படித் தூக்கிப்போடுவேன்? மற்ற இடங்களில் பெயரை அதற்கேற்ப மாற்றிவிட்டேன். மாமாவிடமும் சொன்னேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

காவ்யாவுக்கு அந்த ஒரு மார்க்கைப் போட்டுவிடு. கஞ்சத்தனம் பண்ணாதே.

யஸ்வந்த்

•

ஈச்சமேடு,
27 ஜூலை 2024

யஸ்வந்துக்கு,

மார்க்கைப் போட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் தாங்களே பேனலைத் தட்டி உன் படத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். முழுப் படமும் இல்லை. அந்த ஷாட்டை மட்டும், திரும்பத் திரும்ப. வகுப்பே கூடச் சேர்ந்து சொல்கிறது. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாகக் காவ்யா தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்த பிரீத்தியிடம் ஏன் இடம் மாறினாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்காமல், ‘விழிப்பா இருக்கணும்னு போட்டுக்கிறாங்களே மிஸ்’ என்றாள். அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உறுதிமொழி சொல்லவைத்தவளே நான்தான்.

போன வாரம் மாமா வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் உன் வசனத்தை எழுதியிருந்தார்கள். அத்தை தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மறுநாள் கரியால் எழுதியிருந்தது.

நீ ஷூட்டிங் எடுத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மாமா காலையிலேயே வந்து உன்னிடம் அரிதாரம் கேட்டார். நீ வேண்டாம், நேச்சுரலாக இருக்கட்டும் என்றாய். அவர் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. ‘வேஷம் கட்டாம எப்டிப்பா கெட்டவனா நிக்கிறது? ஒரு மீசையாவது ஒட்டிக்கினு வரேனே’ என்றார். நீயும் உன் ஆட்களும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். அவர் தன் சட்டையிலேயே, தன் வீட்டு வாசலிலேயே, தன் முகத்தோடு நின்றார்.

அதோடு போகவில்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? கூத்தின் கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் செத்ததும் பெண்கள் துடைப்பத்தால் அடிப்போம். அடித்த கையோடு மஞ்சள் தண்ணீர் வைத்து, பூசாரி மூன்று தடவை, கடைசித் தடவை ஊரும் சேர்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட, ‘இதோ வந்துட்டேன்’ என்று அவர் பதில் கொடுத்து அரிதாரத்தைக் கழுவிக்கொண்டால்தான் வேஷம் கலைந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் துரியோதனனாகப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. ஷூட்டிங் முடிந்ததும் மாமா அப்படித்தான் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். நீ ‘பேக்கப்’ என்று கத்திவிட்டு லைட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பெயரை மட்டும் மாற்று. குரலை அழித்து வேறு பெயரைப் பேசவைக்க முடியும் என்று நீயே ஒரு தடவை சொன்னாய். ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னால் செய். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா

•

திருப்பதி,
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறாய். பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்தால் ஒரு மாதம் அந்த வசனத்தைச் சொல்வார்கள், அடுத்த படம் வந்ததும் மறந்துவிடுவார்கள். நீயும் நானும் எத்தனை வில்லன் பெயரை வைத்து எத்தனை பேரைக் கிண்டல் செய்தோம்? வருஷா வருஷம் ஊர்ப் பெண்கள் எல்லாம் துடைப்பத்தால் சாத்துகிறார்கள், மாமா சிரித்துக்கொண்டு எழுந்து போகிறார். அவரை ஒரு பேனல் என்ன செய்துவிடும்?

குரலை மாற்றுவது எனக்கு அரை மணி நேர வேலைதான். ஆனால் படம் அப்ரூவ் ஆகி, எல்லா ஊருக்கும் போய்ச்சேர்ந்துவிட்டது. ஒன்றை மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அப்போது துரோகியே கிடையாது, நானே இட்டுக்கட்டினேன் என்று சொல்ல வேண்டிவரும். தேசத்தின் சரித்திரம் என்று தலைப்புப் போட்ட படத்தில் அப்படிச் சொல்ல முடியுமா? மாமா சம்மதக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உனக்கு ஒன்று தெரியுமா, எங்கள் கேள்வித்தாள்களிலேயே ஐந்தாம் கேள்விக்குத்தான் எல்லாப் பிள்ளைகளும் பதில் எழுதுகிறார்களாம். வேதாச்சலம் எந்த வருஷம் பிறந்தார் என்பதற்குப் பாதிப் பேர் கூட எழுதவில்லை. சேர்மன் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோகிறார்.

அழாதே. நீ அழுதுகொண்டுதான் எழுதியிருக்கிறாய், எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

யஸ்வந்த்

•

ஈச்சமேடு,
17 ஆகஸ்ட் 2024

யஸ்வந்துக்கு,

நான் அழவில்லை. கோபத்தில் எழுத்து கோணியது. இப்போது பயத்தில் எழுதுகிறேன், இது நேராக இருக்கிறதா பார்.

முந்தாநாள் கொடியேற்றம். எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தில் வருஷா வருஷம் கயிறு மாட்டித் தருவது மாமாதான் என்பது உனக்குத் தெரியும். விடிந்ததும் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஹெச்.எம். ஏகாம்பரம் சார் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், ‘தப்பா எடுத்துக்காதீங்க, பக்கத்து ஊர்ப் பசங்கல்லாம் வந்துக்கிறாங்க, நீங்க வெளிய நில்லுங்க’ என்று மரியாதையாகத்தான் சொன்னார். கையில் கயிற்றோடு மாமா கேட்டுக்கு வெளியே நின்றார். பிறகு கயிற்றைக் கேட்டில் சுற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் உன் படத்தை நாடகமாகப் போட்டார்கள். துரோகியாக நடிக்க ஒரு குழந்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நாற்காலியில் மாமா போடும் மாதிரி நீலக்கட்டம் போட்ட சட்டையை மாட்டி, அதைப் பார்த்து வசனம் பேசினார்கள். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், ‘நாகபூஷணத்தோட தாத்தா அந்தக் காலத்துல தலையாரியா இருந்தவராச்சே, போலீஸ்காரனுக்குத் தண்ணி குடுத்தவரே அவருதானாமே?’ என்று. ஊர்த் தலையாரி போலீஸுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பார்கள்? இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மனுஷர் வேதாச்சலம் தானாக நடந்துபோன கதையை என்னிடமே சொல்லியிருக்கிறார். இப்போது கேட்டால், ‘நம்மளுக்குத் தெரியாம இருந்துக்கிது. கவர்மென்ட்டு போடுற படத்துல சும்மாவா போடுவாங்க’ என்கிறார். படத்தைப் போட்டது டிரஸ்ட் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஓடினால் எல்லாம் ஒன்றுதானாம்.

ஓர் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷனைக் காப்பாற்றிய பெருமை எண்பது வருஷமாக நமக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஒருவனைக் கை காட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை படுகளம். இந்த வருஷம் வேஷம் கட்ட வேண்டாம் என்று நான் மாமாவிடம் கெஞ்சினேன். ‘அன்னிக்கு ஒரு நாள்தாம்மா எல்லாரும் சேந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க’ என்றார். நீ வா. எல்லார் முன்னாலும் நின்று, நான்தான் கட்டினேன் இந்தக் கதையை என்று சொல்லி, நீயே பூசாரியோடு சேர்ந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. உன் வாயால் சொன்னால் நம்புவார்கள். படம் எடுத்தவன் நீதானே.

அக்கா

•

திருப்பதி,
25 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதத்தைச் சேர்மனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டி, ‘சூசாவா, பார்த்தாயா யஸ்வந்த், ஊரே எப்படி ஒரு சரித்திரத்தைத் தேட ஆரம்பித்திருக்கிறது!’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தலையாரி விஷயத்தை யாரோ நோட் பண்ணிக்கொண்டார்கள்.

அடுத்த வரிசைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்கள். ‘உங்கள் ஊரில் யார்?’ ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளே வீடு வீடாகப் போய் விசாரித்து, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனுக்கு யார் உதவியது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். நல்ல கதைகளை நாங்கள் படம் எடுக்க வேண்டும். பொறுப்பு என்னுடையதாம். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் கையில் வைத்திருந்தால் விபரீதமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

ஒன்றாம் தேதி கட்டாயம் வருகிறேன். மைக்கை வாங்கி நானே பேசுகிறேன். மாமாவிடம் சொல்லிவை.

யஸ்வந்த்

•

ஈச்சமேடு,
7 செப்டம்பர் 2024

யஸ்வந்துக்கு,

நீ வரவில்லை. நீ வருவாய் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். அவர் கிரீடத்தைக் கட்டிக்கொண்டு நகரி பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீ வேறு மாதிரி எடிட் செய்துகொள்வாய்.

படுகளத்தில் பெரிய மண் துரியோதனன் எப்போதும் போலக் கால் நீட்டிப் படுத்திருந்தது. மாமா அதன்மேல் ஏறி நின்று ஆடினார். இந்த வருஷம் ஆடிய மாதிரி அவர் ஆடி நான் பார்த்ததில்லை. தொடை பிளந்து விழுந்தார். அடிக்க வேண்டிய நேரம். முதல் துடைப்பம் எப்போதும் வெங்கடம்மா அத்தையுடையது, புருஷனை அடிக்கக் கிடைத்த ஒரே நாள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவாள். இந்தத் தடவை அவள் வீட்டைவிட்டே வரவில்லை. மற்றப் பெண்கள் அடித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். கூடவே கல் விழுந்தது. பிள்ளைகள் கால்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள், என் வகுப்புப் பிள்ளைகள், எனக்குப் பேர் தெரிந்த பிள்ளைகள். கிரீடத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகள் உடைந்து நெற்றியில் குத்தி ரத்தம் வந்தது. சிவப்பு அரிதாரத்தில் ரத்தம் சட்டென்று தெரியாது. நான் ஓடிப்போய் நடுவில் நின்ற பிறகுதான் கல் நின்றது.

மஞ்சள் தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள். பூசாரி தணிகாசலம் வழக்கம்போல, ‘நாகபூஷணம்!’ என்று கூப்பிட்டார். மாமா எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் தடவை, ‘நாகபூஷணம்!’ என்றார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து குழந்தைக் குரல்கள் பிடித்துக்கொண்டன, ‘ஊரை எவ்வளவுக்கு வித்தே?’ என்று. எல்லாம் ஒரே குரலில், பேனலில் வருகிற அதே ராகத்தில்.

மூன்றாம் தடவை ஊரே சேர்ந்து கூப்பிட வேண்டும். பூசாரி கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். வேறு யார் வாயும் திறக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார். ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லவில்லை. குடத்தைத் தாண்டி நடந்து, கூத்துச் சாமான் வைக்கும் பாரதக் கொட்டாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகவில்லை. இன்றோடு ஆறு நாளாகிறது, முகத்தைக் கழுவவும் இல்லை.

ரூபா

•

திருப்பதி,
22 செப்டம்பர் 2024

அக்கா,

நீ ‘அக்கா’ என்று போடாமல் பெயரை மட்டும் போட்டு எழுதிய முதல் கடிதம் இது. பத்துத் தடவை படித்துவிட்டேன்.

நான் வந்தேன் அக்கா. வரவில்லை என்று நினைத்துக்கொள்வது உனக்கு நல்லது என்று சும்மா இருந்தேன், ஆனால் முடியவில்லை. அரசமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பேச வேண்டியதை எழுதிவைத்து பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அப்போது சில பையன்கள் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். கை கொடுத்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ஒருவன், ‘நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார், தேங்க்ஸ் சார்’ என்றான். அவன் இன்னொரு கையில் கல் இருந்தது. மூன்றாம் தடவை பூசாரி கூப்பிட்டபோது உன் குரல் எனக்குக் கேட்டது. நானும் கூப்பிட்டிருக்கலாம். அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயந்துபோனேன், அவ்வளவுதான்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பேனலில் ஏறியதை இங்கிருந்து இறக்க முடியாது என்கிறார்கள். அந்த ஷாட்டைப் பிள்ளைகள் போனில் போட்டுச் சுற்றவிட்டு எங்கெங்கோ போய்விட்டது, காளஹஸ்தியில் ஒரு டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நான் விட்டால் வேறொருவன் வந்து இன்னும் மோசமாகச் செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

மாமா முகத்தைக் கழுவிவிட்டாரா? அதை மட்டும் எழுது.

யஸ்வந்த்

•

ஈச்சமேடு,
30 நவம்பர் 2024

யஸ்வந்துக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகியும் எழுதவில்லை. எழுத ஏதாவது நல்லதாக நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உன் ‘உங்கள் ஊரில் யார்?’ வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போகிறார்கள். யார் தாத்தா கர்ணமாக இருந்தார், யார் தாத்தா போலீஸ் வண்டிக்கு மாடு கொடுத்தார் என்று கேட்கிறார்கள். முதலில் சிரித்துக்கொண்டு பதில் சொன்னவர்கள் இப்போது பிள்ளைகளைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள். சாத்தினால் அதையும் எழுதிக்கொள்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கும் வந்தார்கள். நம் நைனாவின் நைனா வெள்ளைக்காரன் காலத்தில் தாலுகா ஆபீஸில் இருந்தாராமே, எதற்கு இருந்தார் என்று கேட்டார்கள். பிரீத்திதான் கேட்டாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

மாமா முகத்தைக் கழுவவில்லை. இன்னும் கொட்டாயில்தான் இருக்கிறார். வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குக் கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை, அத்தை தனியாகப் பிடுங்கினாள், பாதி நிலத்திலேயே முளைத்துப்போயிற்று. ஒரு நாள் தேங்காய் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு போய் நானே துடைத்துவிடுகிறேன் மாமா என்றேன். என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘வேணாம்மா. இது இருந்தா நான் துரியோதனன். துரியோதனனுக்கு ஊரு கற்பூரம் காட்டுது, கல்லு எடுத்தவன்கூட இந்த மூஞ்சியப் பாத்து வாசல்ல நின்னுட்டுப் போறான். இதத் தொடச்சிட்டா நான் நாகபூஷணம். அந்த ஆளா நான் எப்டிம்மா வீட்டுக்குப் போறது?’

உண்மைதான். கொட்டாய்ப் பக்கம் யாரும் கல் எறிவதில்லை. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அரிதாரம் வியர்வையில் கரைந்துவிடும் அல்லவா. காவ்யாதான் தினமும் காலையில் போய் அப்பாவுக்கு முகம் எழுதிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். புருவம், மீசை, நெற்றி நாமம் எல்லாம். இப்போது நன்றாக எழுதப் பழகிவிட்டாள். அவள் ஆள்காட்டி விரலில் எப்போதும் கருப்பு இருக்கிறது, சோப்புப் போட்டாலும் போவதில்லை.

அரசியல் சட்ட நாளுக்கு உங்கள் டிரஸ்ட் பரிசுத் தேர்வு வைத்தது. அதே கேள்விகள்தான். தாள்களைத் திருத்தி இன்று அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் திருத்திவிட்டேன், ஒன்று பாக்கி. ஜூலையில் ஐந்தாம் கேள்வியைக் காலியாக விட்ட பெண் இந்தத் தடவை பதில் எழுதியிருக்கிறாள். வகுப்பு முழுவதும் எழுதிய அதே பெயர், அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. பக்கத்தில் அவள் விரல் பட்ட கருப்பு மட்டும் இருக்கிறது.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று எனக்குப் போடத் தெரியவில்லை. கேள்வி உன்னுடையது, நீயே போட்டு அனுப்பு.

ரூபா